பக்கத்து வீட்டு நாய் நம்ம கோழிய கடிச்சா: பண்ணவே கூடாத தப்புங்க

காலையில ஆறரை மணி, இங்க சிங்கப்பூர்ல அந்நேரத்துக்கு இன்னும் இருட்டுதான். பின்கதவத் திறந்தா புல்லு மேல வெள்ளை வெள்ளையா என்னமோ சிதறிக் கெடக்கு, தூக்கக் கலக்கத்துல யாரோ தலையணையக் கிழிச்சுப் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன், கிட்டப் போய் போன் லைட்ட அடிச்சுப் பாத்தா இறகு. அஞ்சு கோழில ரெண்டு செத்துக் கெடந்துச்சு, ஒன்னக்கூட திங்கல, கடிச்சு உதறிப் போட்டுட்டுப் போயிருக்கு. ரெண்டு கூரை மேல ஏறித் தப்பிச்சிருச்சு. கருப்பி மட்டும் வாழைக்கன்னுக்குப் பின்னாடி சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு நிக்குது, கூப்டா திரும்பல, கண்ணு மட்டும் மூடி மூடித் திறக்குது.

எனக்கு வந்த கோவத்துக்கு நேரா பக்கத்து வீட்டு கேட்டப் போய் ஆட்டினேன். அதுதான் முதல் தப்பு. கோவப்பட்டது தப்புன்னு சொல்லல, கோழி வளக்குறவங்களுக்குத் தெரியும் அது என்ன வலின்னு. ஆனா நான் அங்க நின்னு கத்திக்கிட்டிருந்த அந்த இருபது நிமிஷத்துல எங்கம்மா பாவம், பேரப்புள்ளைங்க எந்திரிச்சுப் பாத்தா பயந்துருவாங்கன்னு இறகெல்லாம் கூட்டி, செத்த கோழிங்கள ரெண்டு பையில கட்டி குப்பையில போட்டு, தரைய தண்ணி ஊத்திக் கழுவிட்டாங்க. நான் திரும்பி வர்றப்ப ஒரு தடயம் இல்ல. அந்த வீட்டு அங்கிள் "என் நாய்தான்னு என்ன ஆதாரம்"னு கேட்டதுக்கு என்கிட்ட பதிலே இல்ல.

அதனால சொல்றேன், எதையும் தொடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. கோழி கெடந்த இடம், கடிச்ச இடம் கிட்டக்க, வேலியில எங்க ஓட்டை, மண்ணுல கால்தடம் (பக்கத்துல ஒரு சாவியோ காசோ வச்சு எடுத்தா சைஸ் தெரியும்), நேரம். நாய் இன்னும் உள்ளயே நின்னுச்சுன்னா அத ஒரு வீடியோ. பத்து நிமிஷ வேலைதான், அப்புறமா எவ்ளோ வேணா கத்தலாம்.

அடுத்தது, நாய்தான்னு முடிவு பண்ணிட்டு ஆரம்பிக்கிறது. இங்க கோழி திங்கிறதுக்கு நாய் மட்டுமா இருக்கு? கால்வாய் ஓரமா இருக்குற எந்தத் தரைவீட்டுக்கும் மலைப்பாம்பு வரும், உடும்பு வரும், ராத்திரில கூரை வழியா மூசாங் (புனுகுப்பூனை வகை) வரும். ஒவ்வொன்னும் விட்டுட்டுப் போற அடையாளம் வேற வேற. மலைப்பாம்பு வந்தா கோழி முழுசாக் காணாமப் போயிரும், ரத்தம் கிடையாது, இறகும் அவ்வளவா கிடையாது, சில நேரம் தின்ன வயித்தோட வெளிய போக முடியாம கூண்டுக்குள்ளயே சுருண்டு கெடக்கும் (கெடந்தா நீங்க தொடாதீங்க, போன் பண்ணுங்க). மூசாங் பெரும்பாலும் ராத்திரில வந்து கழுத்தப் புடிக்கும். உடும்பு பகல்ல வந்து முட்டையையும் குஞ்சையும் தூக்கும். நாய் வந்தா பாத்த உடனே தெரியும், ஒன்னு ரெண்டு மூணுன்னு ஓடுறதையெல்லாம் புடிச்சிருக்கும், திங்காது, கடி முதுகுலயும் பின்பக்கத்துலயும் இருக்கும், இறகு தோட்டம் பூரா பறந்து கெடக்கும், வேலி அடியில மண்ணு பறிச்சிருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் ரெண்டு மாசமா எதிர் வீட்டு நாயத் திட்டிக்கிட்டே இருந்தாரு, கடைசியில பாத்தா கூண்டுக்கு மேல வலை இல்லாத மூலையில பாம்பு இறங்கி ஏறிக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு வீடும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிறதில்ல.

கடி வாங்கின கோழிய கவனிக்கிறதுல நடக்குற தப்பத்தான் நான் ரொம்ப சொல்லணும்னு நினைக்கிறேன், ஏன்னா நஷ்டஈடு, சண்டை எல்லாம் அப்புறம், உசுரு முதல்ல. கருப்பிய தூக்கிப் பாத்தப்ப முதுகுல ஒரு பட்டாணி சைஸ் ஓட்டைதான், ரத்தம்கூட காஞ்சு போச்சு, சரி தப்பிச்சிருச்சுன்னு நினைச்சு எங்க பாட்டி பண்ற மாதிரி மஞ்சத்தூள அப்பி, மத்த ரெண்டு கோழியோட விட்டுட்டேன். ரெண்டுமே தப்பு. நாய் கடிச்சா கடிச்சு உதறும், வெளிய சின்ன ஓட்டையா இருக்கும், உள்ள தோலு சதையிலேருந்து கழண்டு பை மாதிரி ஆயிருக்கும், பல்லுல இருந்த கிருமி எல்லாம் அதுக்குள்ள போயிருக்கும். மறுநாள் சாயங்காலம் இறக ஒதுக்கிப் பாக்குறேன், லேசா ஒரு வாடை, ஓட்டையச் சுத்தி தோலு பச்சையும் கருப்பும் கலந்து இருக்கு, மத்த கோழிங்க வேற காயத்தக் கொத்தி பெருசாக்கி வச்சிருக்கு. கோழிக்கு சிவப்பு நிறத்தப் பாத்தா கொத்தாம இருக்க முடியாது, அது கெட்ட புத்தியில்ல, அதோட குணம் அது.

என்ன பண்ணணும்னா, காயம் பட்டத உடனே தனியா எடுத்து ஒரு அட்டைப்பெட்டில துணி விரிச்சு, காத்துக்கு ஓட்டை போட்டு, இருட்டா அமைதியா இருக்குற ரூம்ல வைங்க. அதிர்ச்சியிலயே செத்துப் போற கோழிங்க உண்டு, காயமே பெருசா இருக்காது. தண்ணி வைங்க, வாயத் திறந்து ஊத்தாதீங்க. இறக ஒதுக்கி உடம்பு பூரா விரலால தடவிப் பாருங்க, ஒரு கடி தெரிஞ்சா எதிர்ப்பக்கம் இன்னொரு கடி இருக்கும், மேல்தாடை கீழ்தாடை ரெண்டும்தான பதியும். உப்புத்தண்ணி, இல்ல கிளினிக்குல விக்கிற சலைன்ல கழுவிட்டு, அன்னைக்கே பறவை பாக்குற வெட்கிட்ட (கால்நடை டாக்டர்) கொண்டு போங்க. எல்லா டாக்டரும் கோழி பாக்க மாட்டாங்க, அதனால எந்த கிளினிக்குல பாப்பாங்கன்னு நல்லா இருக்குறப்பவே போன் பண்ணி கேட்டு வச்சுக்கோங்க. நம்ம ஊரு வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஈ வந்து காயத்துல முட்டை வச்சா ஒரு நாள்லயே புழு வச்சிரும், அதனால வெளிய விடவே விடாதீங்க. செத்த கோழிய "வீணாப் போகுதே"ன்னு குழம்பு வைக்கிற நினைப்பும் வேணாம், நாய் வாய் பட்டது, எத்தன மணிக்கு செத்துச்சுன்னே தெரியாது.

புகார் குடுக்கலாம்னு கிளம்புறதுக்கு முன்னாடி உங்க வீட்ட ஒரு தடவ பாத்துக்கோங்க. வீவக வீட்டுல (அரசாங்க அடுக்குமாடி) கோழி வளக்க அனுமதி கிடையாது. தரைவீட்டுல, விக்காம சொந்தத்துக்கு, 10 கோழி வரைக்கும்தான், அதுவும் கூண்டுக்குள்ள. பதினஞ்சு கோழிய தோட்டத்துல அவுத்து விட்டுட்டு பக்கத்து வீட்டு நாய் மேல புகார் குடுத்தா, வர்ற அதிகாரி முதல்ல எதப் பாப்பாருன்னு யோசிங்க. சேவல் சத்தத்துக்கும் இங்க ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்க, 2017ல சின் மிங் பக்கம் சுத்திக்கிட்டிருந்த 24 கோழிங்கள சத்தம்னு வந்த புகாருக்கு அப்புறம் புடிச்சுக் கொன்னது பலருக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்கும் அவருக்கும் சண்டை முத்துச்சுன்னா அவரும் உங்க மேல எழுதிப் போடுவாரு.

பேசப் போறப்ப பண்ற தப்பு, அந்த வீட்டுப் பணிப்பெண்கிட்ட போய் ஏறுறது. நாய நடத்திட்டுப் போறது அந்தப் பொண்ணுதான், கேட்டத் தாழ் போடாம விட்டதும் அவங்களா இருக்கலாம், ஆனா நாய் அவங்களோடது இல்ல. நீங்க கத்துற கத்துல அவங்க வேலையே போயிரும், நாய் அங்கயேதான் இருக்கும். வீட்டுக்காரர் வர்ற நேரம் பாத்து, சனிக்கிழமை காலையில, போட்டோவ கையில வச்சுக்கிட்டு, "அங்கிள், அன்னைக்கு காலையில இப்படி ஆயிருச்சு, கேட்டுக்கு கீழ ஒரு இடைவெளி இருக்கு, அத அடைச்சுக் குடுங்க, டாக்டருக்கு ஆன செலவு இவ்வளவு"ன்னு கேட்டாப் போதும். நான் ரெண்டாவது தடவ கருப்பி காயத்த எடுத்த போட்டோவோட அப்படித்தான் போனேன், அவரு மனைவி அந்த போட்டோவப் பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டாங்க. மறு வாரமே கேட்டுக்கு அடியில தகடு வச்சாங்க. பேசினத அன்னைக்கே ஒரு மெசேஜா அனுப்பி வச்சுக்கோங்க, பின்னாடி அப்படிச் சொல்லவே இல்லன்னு வரக்கூடாது.

அப்படியும் கேக்கலன்னா, வாய்ச்சண்டையிலயே வருசக்கணக்கா ஓட்டுறது இன்னொரு தப்பு. இங்க வழி இருக்கு. தேசியப் பூங்காக் கழகத்தோட ஏவிஎஸ் பிரிவுதான் நாய் விவகாரம் பாக்குறது, 1800-476-1600க்கு கூப்டலாம், ஒன்சர்வீஸ்னு அரசாங்க ஆப்புலயும் புகார் போடலாம். நாய்க்கு லைசன்ஸ் இருக்கணும், மைக்ரோசிப் இருக்கணும், பொது இடத்துல கயிறு இல்லாம விடக்கூடாது, மீறினா 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம். ராட்வைலர், டோபர்மேன், பிட்புல் மாதிரி வகைன்னா வெளிய வர்றப்ப வாய்க்கூடும் போட்டிருக்கணும். அதுக்கு அடுத்தது சமூக சமரச நிலையம், நடுவுல ஒருத்தர் உக்காந்து ரெண்டு பேரையும் பேச வைப்பாங்க. அதுலயும் முடியலன்னா 2015லேருந்து இருக்குற சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம், அக்கம்பக்கத்து வீட்டு விலங்கு நம்ம வீட்டுக்குள்ள அத்துமீறி வர்றதும் அந்தச் சட்டத்துல வருது, 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். ரெண்டு கோழிக்கு அங்க வரைக்கும் போகணுமான்னா, என்னக் கேட்டா சமரசத்தோட முடிச்சிக்கிறதுதான் நல்லது, அடுத்த இருபது வருசம் அதே சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கப் போறோம். சொந்தக்காரங்க யாருன்னே தெரியாத தெருநாய்னா, அதுவும் ஏவிஎஸ்தான், 2018லேருந்து அதுங்களப் புடிச்சு கருத்தடை பண்ணுற திட்டம் ஓடிக்கிட்டிருக்கு.

கேமரா வைக்கிறதுலயும் கவனம் வேணும். உங்க கூண்டையும் உங்க வேலியையும் பாக்குற மாதிரி வைங்க. பக்கத்து வீட்டு வாசலையும் ஜன்னலையும் பாக்குற மாதிரி திருப்பி வச்சா அந்த நடுவர் மன்றச் சட்டத்துலயே கண்காணிப்புன்னு அவரு உங்க மேல கேஸ் போட இடம் இருக்கு.

அடுத்தது சொல்லவே கஷ்டமா இருக்கு, ஆனா சொல்லாம விட முடியாது. கறில மருந்து கலந்து வைக்கிறது, கம்பியால அடிக்கிறது, கொதிதண்ணி ஊத்துறது, இதையெல்லாம் "அந்தக் காலத்துல கம்பத்துல (கிராமத்துல) அப்படித்தான் பண்ணுவோம்"னு சொல்ற பெரியவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு வேணாம். விலங்கு வதைக்கு முதல் தடவையே 15,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 18 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். அதவிட முக்கியம், அந்த மருந்த எது திங்கும்னு உங்களால சொல்ல முடியாது, பூனை திங்கும், மைனா திங்கும், தவழ்ற புள்ள எடுத்து வாயில வைக்கும். நாய்க்கு ஓடுறத தொரத்துறது பிறவிக்குணம், அது நம்ம மேல பகை வச்சு வரல, கதவு திறந்திருந்துச்சு, உள்ள பறக்குற ஒன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

அதனாலதான் கூண்டு. ஹார்டுவேர் கடையில "கோழி வலை"ன்னு குடுக்குற அந்த மெல்லிசான ஆறுமூலை வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான், நாய் உள்ள வராம இருக்க இல்ல. எங்க வலையில நடுத்தர நாய் பல்லால இழுத்தே தலை போற அளவுக்கு ஓட்டை போட்டிருந்துச்சு. அரை இஞ்சு சதுர வெல்டட் வலை வாங்குங்க, காசு கூடத்தான், ஆனா ஒரு தடவ செலவு. வலைய தரையோட நிறுத்தாம வெளிப்பக்கமா ஒன்னரை அடி மண்ணு மேல படுக்க வச்சு கல்லு வச்சிருங்க, நாய் எப்பவும் வேலி ஓரத்துலதான் பறிக்கும், அங்க அது காலுக்கடியிலயே வலை இருக்கும், கொஞ்ச நேரம் பறிச்சுப் பாத்துட்டுப் போயிரும். மேலயும் மூடுங்க, பாம்புக்கும் மூசாங்குக்கும் சேத்து. கதவுக்கு வெறும் கொக்கி போதாது, மூக்கால தட்டித் திறந்துரும், சுழட்டி இழுக்குற தாழ்ப்பாள் போடுங்க.

கடைசியா ஒன்னு, தப்பிச்ச கோழிங்க முட்டை போடலன்னு அவசரப்பட்டு வெட்டிராதீங்க. பயந்த கோழி வாரக்கணக்கா முட்டைய நிறுத்திரும், சிலது இறகு எல்லாம் கொட்டிட்டு புதுசா முளைக்கிற வரைக்கும் போடாது. பழைய இடத்துலயே கூண்டு இருந்தா உள்ள போகவும் மாட்டேங்கும், முடிஞ்சா இடத்த மாத்துங்க, சாயங்காலம் கொஞ்ச நேரம் பக்கத்துல போய் உக்காருங்க. கருப்பிக்கு வெட் அந்த செத்த தோல வெட்டி எடுத்து பத்து நாள் மருந்து குடுத்தாரு, முதுகுல இப்பவும் ஒரு இடத்துல இறகு இல்ல. ஒன்பதாவது வாரம் வாழை அடியிலதான் முட்டை போட்டுச்சு, கூண்டுல இல்ல. நாங்களும் கூண்டத் தூக்கிட்டுப் போய் வாழைப் பக்கத்துலயே வச்சிட்டோம்.