எதில் 20 சதவீதம்? மருத்துவ ஆய்வுச் செய்தி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ ஆய்வுகளைத் தமிழில் விளக்கி எழுத நிறையப் பேர் வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பழையவர்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில்தான் புதியவர்களும் வரிசையாக விழுகிறார்கள். மில்லிகிராமை மைக்ரோகிராம் ஆக்குவது, மருந்தின் பெயரைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம், இன்னொரு முறை படித்தால் அவை அகப்பட்டுவிடும். எத்தனை முறை படித்தாலும் எழுதியவர் கண்ணில் படாத தவறுகள்தான் ஆபத்தானவை.

அடிப்படை எண் இல்லாத சதவீதம்

2023 நவம்பரில் செலக்ட் என்ற ஆய்வின் முடிவு வெளியானது. உடல் எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியை வாரம் ஒருமுறை, 2.4 மில்லிகிராம் அளவில் போட்டுப் பார்த்த ஆய்வு. மொத்தம் 17,604 பேர். எல்லோரும் 45 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள், உடல் நிறை குறியீடு 27 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், ஏற்கெனவே இதய ரத்தநாள நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். இந்த மருந்தால் மாரடைப்பு 20 சதவீதம் குறையும் என்று உடனே தலைப்புகள் வந்தன.

நூறு பேர் ஊசி போட்டுக்கொண்டால் இருபது பேர் தப்பிப்பார்கள் என்றுதான் வாசகர் இதைப் புரிந்துகொள்வார். நடந்தது வேறு. மருந்தில்லாத போலி ஊசி போட்டுக்கொண்ட 8,801 பேரில் 701 பேருக்குப் பாதிப்பு, அதாவது 8 சதவீதம். மருந்து போட்டுக்கொண்ட 8,803 பேரில் 569 பேருக்கு, அதாவது 6.5 சதவீதம். பாதிப்பு என்றால் மாரடைப்பு மட்டுமல்ல. உயிர் போகாத மாரடைப்பு, உயிர் போகாத பக்கவாதம், இதய ரத்தநாள நோயால் வந்த மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு. ஏறத்தாழ 40 மாதத்தில், ஆயிரம் பேரில் 80 பேருக்கு வரவேண்டியது 65 பேருக்கு வந்தது. தப்பித்தவர்கள் 15 பேர்.

20 சதவீதம் என்பது பொய்யல்ல, 80-இல் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அந்த 80-ஐச் சொல்லாமல் விட்டதுதான் கோளாறு. ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்கு மட்டுமே பாதிப்பு வரக்கூடிய ஒரு கூட்டத்தில் இதே 20 சதவீதம் பலன் கிடைத்தால் தப்பிப்பவர்கள் இரண்டே பேர். சதவீதம் மாறவில்லை, ஆனால் மருந்துக்குச் செலவழிக்கலாமா என்ற கேள்விக்கு விடை தலைகீழாகிவிடும்.

இதைவிட எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. பலனை ஒரு அளவுகோலால் அளந்து, பக்கவிளைவை இன்னொரு அளவுகோலால் அளப்பது. பக்கவிளைவால் ஊசியை நிறுத்தியவர்கள் மருந்துப் பக்கத்தில் 16.6 சதவீதம், போலி ஊசிப் பக்கத்தில் 8.2 சதவீதம். ஆயிரத்துக்கு 84 பேர் கூடுதல். பலனுக்கு “20 சதவீதம்”, பக்கவிளைவுக்கு “சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று எழுதினால் தராசின் ஒரு தட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டையும் ஆயிரம் பேர் கணக்கிலேயே எழுதுங்கள்: 15 பேர் தப்பித்தார்கள், 84 பேர் கூடுதலாக நிறுத்தினார்கள். ஊசியை நிறுத்துவதும் மாரடைப்பும் சமமல்ல என்பது வாசகருக்கே தெரியும், அவர் எடை போட்டுக்கொள்வார்.

இந்தத் தவறின் விலை என்ன என்று பார்க்க 1995 அக்டோபருக்குப் போகவேண்டும். மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு, பழைய மாத்திரைகளைவிட இரு மடங்காகிறது என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. இரு மடங்கு என்பது சரிதான். அன்றைய மதிப்பீட்டின்படி, பழைய மாத்திரை சாப்பிடும் ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 15 பேர் என்பது 30 பேர் ஆகியிருந்தது. கர்ப்பிணிகளில் இதே ரத்தக்கட்டு லட்சத்துக்கு 60 பேர் அளவில் வரும். செய்தியில் மடங்கு மட்டும் போனது, லட்சம் போகவில்லை. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், அதைவிட ரத்தக்கட்டு வாய்ப்பு கூடிய கர்ப்பத்துக்குள் பலர் போனார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆக, எழுத உட்காரும்போது செய்யவேண்டிய வேலை இது. ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தோடு நிற்காமல் முடிவுகள் அட்டவணைக்குப் போங்கள். ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு அந்தப் பாதிப்பு என்று எடுங்கள். மருந்துக் குழுவுக்கும் அதையே எடுங்கள். இரண்டையும் ஆயிரத்துக்கு மாற்றிக் கழியுங்கள். எத்தனை மாதக் கணக்கு என்பதையும் கூடவே எழுதுங்கள், காலம் இல்லாத எண் பாதி எண். நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எடுத்து, பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வாக இருந்தால் அதற்குள் அடிப்படை எண் இருக்காது. அதை நோய்ப் பதிவேட்டில் தேடி எடுக்கவேண்டும். கிடைக்கவில்லையா, மடங்கையும் தலைப்பில் போடாதீர்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. “இரு மடங்கு அதிகம்” என்றால் 10 என்பது 20 ஆனது என்று ஒருவர் கொள்வார், 30 ஆனது என்று இன்னொருவர். “இரு மடங்கானது” என்று எழுதினால் குழப்பமில்லை. “மூன்று மடங்கு குறைந்தது” என்பதற்கு அர்த்தமே கிடையாது, “மூன்றில் ஒரு பங்கானது” என்று எழுதுங்கள்.

“குறிப்பிடத்தக்க முன்னேற்றம்”

புள்ளியியலில் ஒரு முடிவு தேறியது என்பதைத் தமிழில் “குறிப்பிடத்தக்க” என்று பெயர்த்துவிடுகிறோம். வாசகர் அதைப் “பெரிய” என்று படிக்கிறார். மருந்துக்குப் பலனே இல்லாதிருந்தால் இப்படியொரு வேறுபாடு தற்செயலாக வருவது அரிது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இல்லை.

அல்சைமர் என்ற மறதி நோய்க்கான லெக்கானமாப் மருந்தின் ஆய்வு 2022-இல் 1,795 பேரிடம் நடந்து முடிந்து வெளியானது. நோயின் தீவிரத்தை 0 முதல் 18 வரையான அளவுகோலில் அளந்தார்கள். 18 மாதத்தில் மருந்து பெற்றவர்கள் 1.21 புள்ளி மோசமானார்கள், பெறாதவர்கள் 1.66. வேறுபாடு 0.45. இதுதான் “27 சதவீதம் மெதுவானது” என்று வந்த செய்தி. அந்த அளவுகோலில் ஒரு நோயாளி நகரக்கூடிய மிகச்சிறிய படியே அரைப் புள்ளி. புள்ளியியல்படி உறுதியான முடிவுதான், ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த மாற்றம் தெரியுமா என்பது தனிக் கேள்வி. மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தவர்கள் மருந்துக் குழுவில் 12.6 சதவீதம், மற்றதில் 1.7. பலருக்கு அறிகுறி இல்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

எலி

ஆய்வு எலிகளில் நடந்தது என்றால், “எலிகளில்” என்ற சொல் தலைப்பிலேயே இருக்கவேண்டும். ஐந்தாவது பத்தியில் அல்ல.

அறிகுறி குறைந்தால் ஆயுள் கூடும் என்று எழுதுவது

மாரடைப்புக்குப் பின் இதயத்தின் கீழறைகளில் ஒழுங்கற்ற கூடுதல் துடிப்புகள் வருபவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது. அந்தத் துடிப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் உயிர் பிழைப்பார்கள் என்பது பொதுப்புத்திக்கு எட்டிய முடிவு. எங்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்ற இரு மருந்துகளை வைத்து அமெரிக்காவில் காஸ்ட் என்ற ஆய்வு நடந்தது. மருந்து துடிப்பை அடக்குகிறது என்று முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். சராசரியாகப் பத்தே மாதம். மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். துடிப்பு அடங்கியது, ஆள் போய்விட்டார். கொழுப்பு, கட்டியின் அளவு, ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் என்று எது குறைந்ததாகச் செய்தி வந்தாலும், நோயாளி என்ன ஆனார் என்பதை ஆய்வு பார்த்ததா என்று தேடி எழுதுங்கள்.

உட்பிரிவில் கிடைத்த அதிசயம்

“பெண்களுக்கு மட்டும் பலன்”, “60 வயதுக்கு மேல் பலனில்லை” போன்ற வரிகளைக் கண்டால் ராசிபலன் நினைவுக்கு வரவேண்டும். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஐந்து வாரத்தில் இதய ரத்தநாள மரணம் ஆஸ்பிரினால் 11.8 சதவீதத்திலிருந்து 9.4 சதவீதமானது. உட்பிரிவுகளாக வெட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று காட்ட, ஆய்வாளர்கள் பிறந்த தேதிப்படி மேற்கத்திய ராசிகளாகப் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஆகவில்லை! தற்செயல்தான், வேறொன்றுமில்லை.

யார் பணம்

ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று சொல்ல ஒரு வரி போதும், ஆனால் அந்த வரி இருக்கவேண்டும். செலக்ட் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நோவோ நார்டிஸ்க் நிறுவனம். செமாக்ளூடைட் தயாரிப்பதும் அவர்களே.