புத்தகத்தை மூடிவிட்டு வரையச் சொல்லுங்கள்

பூவின் பாகங்கள் பாடம் வந்தால் நான் கரும்பலகையில் படம் போடுவதில்லை. ஆளுக்கொரு செம்பருத்தியைக் கொடுத்துப் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். முதல் ஐந்து நிமிடம் யாரும் பென்சிலைத் தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான். "எனக்கு வரையவே வராது மிஸ்" என்று நாலைந்து குரல் கட்டாயம் வரும். அழகுக்கு மார்க் கிடையாது, கண்ணில் பட்டதற்குத்தான் மார்க் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் அடியில் ஒன்றாக ஒட்டி ஒரு குழாயாக இருக்கும். அதற்குள்ளே சூல்தண்டு ஓடி, நுனியில் ஐந்து சூல்முடிகளாகப் பிரிந்து நிற்கும். மனப்பாடப் படத்தை வரைகிற பிள்ளை மகரந்தத்தாள்களைத் தனித்தனியாக நட்டுவைத்துவிடும். சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். "இது எங்கிருந்து கிளம்புகிறது, பூவில் காட்டு" என்று கேட்டால் போதும், தானே அழித்துவிட்டு வரையும். அப்புறம் சூற்பையைப் பிளேடால் குறுக்கே வெட்டிக் கொடுங்கள் (சின்ன வகுப்பு என்றால் பிளேடு உங்கள் கையிலேயே இருக்கட்டும்). உள்ளே ஐந்து அறைகள். இதழும் ஐந்து, சூல்முடியும் ஐந்து என்று யாராவது ஒருவர் கத்துவார். அதுவரை நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

செல் பிரிதலுக்குக் கம்பளி நூல் நல்லது. இரண்டு நிறம், நிறத்துக்கு ஒரு நீளம், ஒரு குட்டை என்று நான்கு குரோமோசோம்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி இரண்டு நூல்களை வைத்து, நடுவில் ஒரு மணியில் கோத்துவிடுங்கள். மணிதான் சென்ட்ரோமியர், இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடிக்கும் இடம். சார்ட்டில் பெரிய வட்டம் போட்டு, நூல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி போனில் படம் எடுத்து ஓட்டினால் மைட்டாசிஸ் (ஒரு செல் ஒரே மாதிரி இரண்டாகப் பிரிவது) அசைபடம் தயார். இழைகள் பிரிந்து எதிரெதிர் பக்கம் போகும் அனாஃபேஸ் கட்டத்தில் மணி யார் பக்கம் போகும் என்று குழுவுக்குள் சண்டை வரும். வரட்டும். சென்ட்ரோமியரும் பிரிந்தாக வேண்டும் என்று அவர்களே சொல்லி இன்னொரு மணி கேட்பார்கள்.

வீட்டில் செய்துவரச் சொல்லும் தெர்மாகோல் செல் மாடலை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். பார்க்கப் பளபளவென்று இருக்கும், செய்தது அப்பாவாக இருக்கும்.

படம் போட்டுக்கொண்டிருந்தால் சிலபஸ் எப்போது முடியும் என்று சக ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள். நான் ஸ்பெயின் விஞ்ஞானி கஹாலின் நரம்பு செல் படங்களைக் காட்டுவேன். ஓவியராக ஆசைப்பட்டவர், நுண்ணோக்கியில் பார்த்ததைக் கையால் வரைந்து வரைந்தே ஆராய்ந்தவர், 1906-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

சரி, திருத்துவது எப்படி? பாகங்களின் பெயருக்குப் பாதி மார்க். மீதி, படத்துக்குக் கீழே பிள்ளை எழுதும் ஒரு கேள்விக்கு. கேள்வி இல்லாத படத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.