குடல் நல ஆய்வில் மருந்தியல் பேராசிரியராக: வேலூர் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருந்தியல் பேராசிரியர் பதவிக்குப் பெரும்பாலும் இரண்டு பாதைகள் உள்ளன. எம்.பி.பி.எஸ். முடித்து, முதுநிலை நீட் எழுதி, மூன்றாண்டு எம்.டி. மருந்தியல் படிப்பது ஒன்று, பி.பார்ம்., எம்.பார்ம்., பிஎச்.டி. என்று பார்மசி கல்லூரி வழியே வருவது மற்றொன்று. மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. படித்தவர்களுக்கே முன்னுரிமை என்பதை இரண்டாம் பாதையில் வருவோர் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

பட்டம் பெறுவதைவிட நல்ல ஆய்வுக் கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதற்கு வேலூரிலேயே முன்மாதிரி உண்டு. சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வாளர்கள், காலரா நோயாளிகளுக்குத் தரும் உப்பு சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்து, பேதியின் அளவும் நீடிக்கும் நேரமும் குறைவதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்த மாவு சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் சோடியத்தை உள்ளிழுக்கப் பெருங்குடலைத் தூண்ட, நீரும் அதன் பின்னே செல்கிறது. இதே அமிலங்கள் குடல் சுவரின் நோயெதிர்ப்புச் செல்களையும் நெறிப்படுத்துகின்றன. பெருங்குடல் அழற்சிக்குத் தரும் சல்பாசலசின் மாத்திரையும் பாக்டீரியா உடைத்த பிறகே அங்கு வேலை செய்கிறது. ஆகவே, மாத்திரை உடலை என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன், பாக்டீரியா மாத்திரையை என்ன செய்கிறது என்று கேட்டுப் பழகுங்கள்.

விலங்கு ஆய்வுக்கு முதலில் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் கூண்டு. சுண்டெலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். அதனால் ஒரே கூண்டில் வளர்பவற்றின் குடல் பாக்டீரியாக்கள் ஒன்றுபோல் ஆகிவிடும். மருந்து கொடுத்தவை எல்லாம் ஒரு கூண்டில், கொடுக்காதவை மற்றொன்றில் என்று வைத்தால், தெரிவது மருந்தின் வேறுபாடா கூண்டின் வேறுபாடா என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பிரிவையும் பல கூண்டுகளில் பிரித்து வையுங்கள். அழற்சியில் பெருங்குடல் நீளத்தில் சுருங்கும் என்பதால் அதை எடுத்து அளவுகோலின் மேல் கிடத்தி அளப்பார்கள். சற்று இழுத்தாலே சில மில்லிமீட்டர் கூடிவிடும், எனவே எது எந்தப் பிரிவு என்று அறியாத ஒருவரே அளக்கட்டும்.

உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற ஏணியில் பணியாண்டும் ஆய்வுக் கட்டுரையும் கேட்கப்படும். பாடம் நடத்துவதைச் சுமையாகக் கருதுபவருக்கு இந்தப் பதவி ஒத்துவராது.

மனிதர்களிடம் நடத்தும் மருந்துச் சோதனையானால், மனித நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் பதிந்துவிட வேண்டும். கணியம்பாடி போன்ற ஊர்ப்புறங்களில் மல மாதிரி எடுத்தால், வேலூரின் மே மாத வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள். அண்மையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதுண்டா என்று வாய்மொழியாகக் கேட்பதோடு நிற்கவும் வேண்டாம். கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரையின் பெயர் பெரும்பாலோர்க்கு நினைவிருக்காது. வீட்டில் மிஞ்சிய அட்டையை எடுத்துவரச் சொல்லி, பெயரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.