ஓமெனா, ஃபோர்போடிங்கா? ஆங்கிலச் சகுனச் சொற்களைக் குழப்பாமல் எழுத

நண்பன் ஒருவன் வேலைக்கான நேர்காணல் முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். உற்சாகப்படுத்துவோமே என்று, "ஐ ஹேவ் எ ஸ்ட்ராங் ஃபோர்போடிங் தட் யூ வில் கெட் இட்" என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். "நான் வேலைக்குப் போறதுல உனக்கென்னடா வயித்தெரிச்சல்?" என்று பதில் வந்தது. ஃபோர்போடிங் என்றால் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்வது. நல்லதற்கு அது வரவே வராது. அகராதி எல்லாவற்றுக்கும் 'முன்னறிகுறி' என்றே போட்டால் நான் என்ன செய்ய?

அன்றிலிருந்து இந்த வகைச் சொல் எதையாவது எழுதுவதற்கு முன் கீழே உள்ள வரிசையில் ஒருமுறை சோதித்துக்கொள்கிறேன்.

படி 1: எங்கே நடக்கிறது?

கண்ணுக்குத் தெரியும் அறிகுறியா, மனசுக்குள் தோன்றுவதா, ஒருவர் வாயால் சொல்வதா? ஓமென் (சகுனம்), போர்டென்ட் (பெரிதாக ஏதோ வரப்போவதன் அறிகுறி), ஹார்பிஞ்சர் (ஒன்று வருவதற்கு முன்னே வந்து அதைக் காட்டுவது) மூன்றும் வெளியே இருப்பவை. ப்ரெமனிஷன் (நடக்கப்போவது முன்பே மனசில் தோன்றுவது), ஃபோர்போடிங் இரண்டும் மனசுக்குள். ப்ரிடிக்ட், ஃபோர்காஸ்ட், ஃபோர்டெல், ப்ராஃபசி எல்லாம் சொல்வது. கிரகணத்தை ஓமென் என்று ஒருவர் நினைக்கலாம், ஆனால் கிரகணத்துக்கு ப்ரெமனிஷன் வராது, அதற்கு ஏது மனசு? பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: நல்லதா, கெட்டதா?

ஓமென் நம்ம சகுனம் மாதிரி, குட் ஓமெனும் உண்டு, பேட் ஓமெனும் உண்டு. ஆனால் அதிலிருந்து பிறந்த ஆமினஸ் கெட்டதற்கு மட்டும்தான் (ஏன் இப்படி என்று ஆங்கிலத்தைக் கேட்டுப் பயனில்லை). நல்லதற்கு ஆஸ்பிஷஸ். இதன் வேர் லத்தீனில் 'பறவை பார்த்தல்'. பழைய ரோமில் ஆகர் என்ற பூசாரிகள் பறவைகள் பறக்கும் விதத்தைப் பார்த்துத்தான் ஒரு காரியத்தைத் தொடங்கலாமா என்று சொன்னார்கள், இனாகுரேட் (தொடங்கி வைப்பது) என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். போர்டென்ட் கனமான சொல், பெரும்பாலும் பெரிய கேட்டுக்கு. சின்ன விஷயத்துக்கு அதைப் போட்டால் நாடகம் போல ஆகிவிடும்.

அப்புறம் போட் என்றொரு வினைச்சொல். "திஸ் டஸின்ட் போட் வெல்" என்றால் "இது நல்லதுக்கில்லை". இதற்கு ஆள் எழுவாயாக வராது. ஒரு நிகழ்ச்சியோ நிலைமையோதான் வரும்.

படி 3: ஹார்பிஞ்சரைத் தனியாக வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. படையோ பெரிய இடத்து ஆட்களோ வருவதற்கு முன்பே போய், அவர்களுக்குத் தங்க இடம் பிடித்து வைப்பவர்தான் ஒரு காலத்தில் ஹார்பிஞ்சர். அவர் வந்துவிட்டார் என்றால் பின்னால் கூட்டம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம், அதில் நம்பிக்கைக்கோ மூடநம்பிக்கைக்கோ வேலை இல்லை. மரம் துளிர்ப்பது வசந்தத்தின் ஹார்பிஞ்சர். அதை ஓமென் என்று எழுதினால், துளிரைப் பார்த்து யாரோ குறி சொன்ன மாதிரி இருக்கும்.

படி 4: சொல்பவர் கையில் என்ன இருக்கிறது?

கணக்கும் தரவும் இருந்தால் ஃபோர்காஸ்ட். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் நாளைய வானிலையை வெளியிடத் தொடங்கியபோது, இது தீர்க்கதரிசனம் இல்லை, அறிவியல்படி கணித்துச் சொல்லும் கருத்து என்று காட்டத்தான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். தெய்வ வாக்கு என்றால் ப்ராஃபசி. ஃபோர்டெல் கதைகளில் நன்றாக உட்காரும். ப்ரிடிக்ட் பொதுச்சொல், விஞ்ஞானியும் சொல்லலாம், சும்மா ஊகிப்பவரும் சொல்லலாம், சந்தேகம் வந்தால் அதையே போடுங்கள்.

ப்ராஃபசியில் ஒரு கண்ணி உண்டு. பெயர்ச்சொல்லில் கடைசி ஒலி 'சி', எழுத்தும் சி. வினைச்சொல்லில் அந்த இடத்தில் எஸ் வரும், உச்சரிப்பும் 'ப்ராஃபசை' என்று முடியும்.

சரி, அந்த மெசேஜை நான் எப்படி எழுதியிருக்க வேண்டும்? ப்ரெமனிஷனும் வேண்டாம், அதன் லத்தீன் வேரே 'முன்கூட்டி எச்சரிப்பது', அதனால் அதுவும் கெட்ட பக்கம்தான் சாயும். "ஐ ஹேவ் எ குட் ஃபீலிங் அபவுட் திஸ்." அவ்வளவுதான்.