'ஸ்னூக்கர்' என்ற சொல்லின் வேரைத் தேடும் முறை

மேசைமேல் பந்துகளைக் கோலால் அடித்து ஆடும் ஸ்னூக்கர் விளையாட்டுக்கும் ஊட்டிக்கும் உள்ள உறவு நீலகிரியில் பலரும் அறிந்ததே. அதே சொல்லை ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சிலும் புழங்குகிறார்கள். அதன் பொருளையும் தோற்றத்தையும் தேடும் வழி இது.

முதலில் அகராதியில் பெயர்ச்சொல், வினைச்சொல் ஆகிய இரு பதிவுகளையும் பாருங்கள். வெள்ளைப் பந்துக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் குறுக்கே வேறொரு பந்து நின்று நேர்வழியை மறைப்பதே ஆட்டத்தில் 'ஸ்னூக்கர்' எனப்படும். வழி அடைபட்டு மாட்டிக்கொள்வது என்ற பேச்சுவழக்குப் பொருள் இதிலிருந்துதான் கிளைத்தது.

அடுத்தது தோற்றம். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. ஆட்டம் பிறந்த ஊரையே சொல் பிறந்த ஊராகவும் எண்ணிவிடுகிறார்கள். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற இளம் படை அதிகாரி, பந்தை மேசையின் பாக்கெட்டில் (குழியில்) போடத் தவறிய தோழரை 'ஸ்னூக்கர்' என்று கேலி செய்ய, அப்பெயரே ஆட்டத்துக்கு நிலைத்தது என்றும், 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்டன என்றும் வரலாறு வழங்குகிறது. ஆனால் இங்கிலாந்தின் வூலிச் ராணுவ அகாடமியின் முதலாண்டு மாணவரைக் குறித்த கொச்சைச் சொல்லாக அது 1872லேயே அச்சில் காணப்படுகிறது. ஆட்டத்தின் பெயராக அகராதிகள் தரும் ஆண்டோ 1889. இதில் முரண்பாடு இல்லை; அகராதி காட்டுவது கிடைத்தவற்றுள் மிகப் பழைய எழுத்துச் சான்றின் ஆண்டையே தவிர, சொல் பிறந்த ஆண்டை அன்று.

ஆகவே, மேற்கோள்களை ஆண்டு வரிசையில் தரும் ஆக்ஸ்போர்டு பேரகராதியே என் முதல் தேர்வு. மொழிபெயர்ப்புச் செயலிகள் இவ்வேலைக்கு உதவா.

இனிப் பயன்பாடு. பர்லியாறு அருகே மண் சரிந்து, கோத்தகிரிச் சாலையும் அடைபட்டு, கீழே இறங்க வழியில்லாமல் நிற்கும்போது 'வி ஆர் ஸ்னூக்கர்டு' என்பது பொருந்தும். பேருந்து தாமதமானதற்கெல்லாம் பொருந்தாது. அமெரிக்கர் வாயில் இதற்கு 'ஏமாற்றப்பட்டோம்' என்ற பொருளும் உண்டு. அவர்கள் 'ஸ்னுக்கர்' என்று குறிலாகவே ஒலிப்பார்கள்.

பின்சேர்க்கை: ஜபல்பூர் அதிகாரி நெவில் சேம்பர்லைன்தாம் பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரானவரா என்று கொடைக்கானல் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அல்லர். பிரதமர் சேம்பர்லைன் பிறந்தது 1869இல். ஜபல்பூரில் ஆட்டம் உருவானபோது அவருக்கு ஆறு வயது.