பழைய கேம்பிங் டிரெய்லர் வாங்கியாயிற்றா? பெயின்ட் டப்பாவை ஓரமாக வையுங்கள்

காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் குட்டி வீடுகளான, அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் செய்த சின்னச் சின்ன கேம்பிங் டிரெய்லர்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பின்பக்கம் இரண்டு சிறகு வைத்த ஷாஸ்டா, பென்சில்வேனியாவில் ஜான் செரோ செய்த குட்டி ஸ்காட்டி, வெள்ளித் தோட்டா போல் மின்னும் ஏர்ஸ்ட்ரீம் என்று ஆளுக்கொரு ஆசை. ஷாஸ்டா வகை வண்டிகளை இங்கே ‘கேன்டு ஹாம்’ என்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் டப்பாவில் வரும் ஹாம் இறைச்சியின் வடிவம்தான்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் நானும் 1963-ஆம் வருட ஷாஸ்டா ஒன்றை வாங்கினேன். வாங்கிய முதல் மாதமே உள்ளே இருந்த அலமாரிகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்து, மஞ்சள் திரைச்சீலை தைத்து மாட்டி, தரைக்குப் புது லினோலியமும் போட்டுவிட்டேன். டிசம்பர் மழையில் முன் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறியது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. போட்ட தரை, அடித்த பெயின்ட் எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டு, அடியிலிருந்து மறுபடி தொடங்க ஒன்றரை வருடம் ஆனது. பழைய டிரெய்லர் முதலில் ஒரு வண்டி, பிறகுதான் வீடு. சக்கரமும் சேஸிஸும் (அடிச்சட்டம்) முதலில், ஒழுகல் அடுத்து, வயரிங்கும் கேஸும் அதற்கடுத்து, அழகு கடைசியில். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால் வந்தவை.

வாங்கும்போதே ஏமாறுவது

விற்பவர் உள்ளே புதிதாக வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். பழைய பிர்ச் பிளைவுட் பெயின்ட் அடிக்காமல் இருந்தால், தண்ணீர் எங்கே இறங்கியது என்பதை அதன் கறுப்புக் கறையே காட்டிக்கொடுக்கும். பெயின்ட் அந்தச் சாட்சியை மறைத்துவிடுகிறது. கதவைத் திறந்ததும் மூக்கால் பாருங்கள், பூசண வாடை பொய் சொல்லாது. ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரை வென்ட்டைச் சுற்றிய இடம், பின் பம்பருக்கு மேலுள்ள சுவர், கட்டிலுக்கு அடியில் இருக்கும் தரை மூலைகள் ஆகிய இடங்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெல்லக் குத்திப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

ஆவணத்தில் இருக்கும் வண்டி எண்ணும் வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பணம் கொடுக்கும் முன்பே ஒப்பிடுங்கள். பதிவு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

உள்ளேயிருந்து பழுது பார்ப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கேன்டு ஹாம் வண்டிகள் கட்டப்பட்ட விதமே பலருக்குத் தெரியாது. தொழிற்சாலையில் முதலில் சேஸிஸ் மேல் தரை போடுவார்கள். ரீப்பர் கட்டை போன்ற மெல்லிய மரச்சட்டத்தில் உள்பக்க பிளைவுட்டை அடித்த பக்கச் சுவர்களை அதன்மேல் நிறுத்துவார்கள். பிறகு அலமாரி, கட்டில், சமையல் மேடை. பிறகு கூரைச் சட்டம், அதற்குமேல் வயரும் பஞ்சும். எல்லாம் முடிந்தபிறகுதான் வெளியே அலுமினியத் தகடு. அதாவது வண்டி உள்ளேயிருந்து வெளியே வளர்ந்தது. அப்படியானால் பிரிப்பது வெளியேயிருந்து உள்ளே போக வேண்டும்.

பலர் செய்வது நேர்மாறு. உள்ளே இருந்து கெட்டுப்போன பிளைவுட்டைப் பிய்த்துவிட்டு, இற்றுப்போன சட்டத்தின் மேலேயே புதுப் பலகையை அடிக்கிறார்கள். ஆணி பிடிக்க அங்கே மரம் இல்லை, வெறும் பொடிதான் இருக்கிறது. இரண்டு பயணம் போனால் பலகை ஆட ஆரம்பிக்கும். தகடுகளின் விளிம்புகளை மூடும் ஓரப்பட்டைகளைக் கழற்றி, அலுமினியத் தகட்டைப் பாயைச் சுருட்டுவதுபோல் பதமாக இறக்கி வைத்தால் முழு எலும்புக்கூடும் கண்முன்னே நிற்கும். எந்தக் கட்டை இற்றிருக்கிறதோ அதை மட்டும் மாற்றலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஆர்வக்கோளாறில் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் பெயர்த்தெறிவது. இந்த வண்டிகளில் அலமாரிகள் வெறும் சாமான் வைக்க மட்டும் இல்லை. சுவரையும் கூரையையும் தாங்கிப் பிடிப்பவையும் அவைதான். மொத்தமாக எடுத்துவிட்டால் சுவர் சாயும், வளைந்த கூரைக்கோடு கோணும், பிறகு கதவு சட்டத்தில் உட்காராது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். எவ்வளவு உளுத்த துண்டாக இருந்தாலும் குப்பையில் போடாதீர்கள். புதுக்கட்டை அறுக்க அதுதான் அச்சு. கூரை வளைவுக்கு வேறு எந்த அளவும் கிடைக்காது. நான் ஒவ்வொரு துண்டின் மேலும் எண் எழுதி, கழற்றும் முன் நாலு கோணத்தில் படம் எடுத்தேன். முன்பக்கத்து வளைவை இற்றுப்போன பழைய துண்டைக் காகிதத்தில் வைத்து வரைந்துதான் மீட்டேன்.

சிலிக்கான் என்னும் குறுக்குவழி

ஒழுகல் தெரிந்ததும் கடைக்கு ஓடி சிலிக்கான் டியூப் வாங்கி, பட்டையின் விளிம்பு நெடுக இழுத்துவிடுவது இன்னொரு வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது, அடுத்த முறை வேறு சீலன்ட் ஒட்டாது, பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கானே சரியாக ஒட்டாது. அதைச் சுரண்டி எடுப்பது நரகம். அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு: வேறெங்கோ உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற இருந்த வழியையும் அது அடைத்துவிடும்.

ஓரப்பட்டைக்கு அடியில் தொழிற்சாலை வைத்த பட்டி அறுபது வருடத்தில் காய்ந்து பொடியாகியிருக்கும். பட்டையை முழுவதும் கழற்றி, பழைய பட்டியைச் சுரண்டி, பியூட்டைல் டேப் (பிசின் போல ஒட்டும் மென்மையான ரப்பர் நாடா) வைத்து மறுபடி ஸ்க்ரூ போட வேண்டும். பியூட்டைல் பல வருடம் இளக்கமாகவே இருக்கும். வெயிலில் அலுமினியம் விரிந்து சுருங்கும்போது கூடவே நெகிழும். ஸ்க்ரூவை இறுக்கியதும் விளிம்பில் பிதுங்கி வரும் டேப்பை இரண்டு நாள் கழித்துப் பிளாஸ்டிக் கத்தியால் நறுக்கிவிட்டு, ஸ்க்ரூக்களை இன்னொரு சுற்று இறுக்குங்கள். ஜன்னலுக்கும், கூரை வென்ட்டுக்கும், மறந்துபோகும் அந்தச் சின்ன ஓர விளக்குகளுக்கும் இதே வைத்தியம்தான்.

பெயின்ட் பற்றி ஒரே எச்சரிக்கை. அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல். அதற்கு முந்தைய வண்டியின் பழைய பூச்சைச் சோதிக்காமல் உலர்வாக உரசித் தூசி கிளப்ப வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

ஏர்ஸ்ட்ரீம் வேறு ஜாதி

வாலி பையம் (Wally Byam) என்பவர் 1930களில் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீமில் மரச்சட்டம் கிடையாது. விமானம் போல அலுமினிய விலா எலும்புகளில் உள்ளும் புறமும் தகடு ரிவெட் அடித்த கூடு அது. உள்தகடும் சேர்ந்துதான் கூட்டுக்கு விறைப்பைத் தருகிறது. உள்தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மெல்லிய மரப்பலகை ஒட்டுபவர்கள் அந்த விறைப்பில் ஒரு பங்கை இழக்கிறார்கள்.

இதில் தரை பிளைவுட் கூட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே சிக்கியிருக்கும். பின்பக்கம் ஒழுகி அந்தப் பிளைவுட் இற்றுப்போனால் கூடு சேஸிஸிலிருந்து பிரிந்துகொள்ளும். பின் பம்பர் மேல் ஏறி நின்று மெல்லக் குதியுங்கள். பம்பர் மட்டும் இறங்கி, மேலே கூடு அசையாமல் நின்றால் அந்த நோய் வந்துவிட்டது என்று பொருள். கண்ணாடி போலப் பாலிஷ் போடும் ஆசை இருந்தால், மேலிருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சை (clear coat) முதலில் நீக்க வேண்டும். இரும்பு நார் வைத்துத் தேய்க்கவே கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப்புள்ளிகளாக வெளிவரும்.

கரன்ட், கேஸ்

பழைய டிரெய்லர்களில் இரண்டு துளை பிளக் பாயின்ட்தான் இருக்கும், எர்த் வயர் இருக்காது. டயர் ரப்பர் என்பதால் வண்டி தரையோடு தொடர்பின்றி நிற்கிறது. எங்கோ ஒரு வயரின் தோல் உரிந்து அலுமினியத்தைத் தொட்டால் வண்டியின் உடம்பு முழுக்கக் கரன்ட் ஏறும். ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடுபவர்தான் அப்போது எர்த். ஆகவே பழைய வயரிங்கை ‘விளக்கு எரிகிறதே’ என்று விட்டுவைக்காமல், எர்த்தோடு முழுதாக மாற்றுங்கள். வண்டிக்குள் இருக்கும் பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கக் கூடாது. வீட்டு வயரிங் பழக்கத்தில் பலர் இணைத்துவிடுகிறார்கள்.

வீட்டு வாசலில் டிரெய்லருக்கென 30 ஆம்ப் பாயின்ட் போடச் சொல்லும்போதும் கவனம் தேவை. அது 120 வோல்ட். பார்க்கத் துணி டிரையர் பாயின்ட் போலவே இருப்பதால், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள்கூட 240 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். செருகிய நொடியில் உள்ளே உள்ள சாதனங்கள் எரிந்துபோகும். மீட்டர் வைத்து அளந்த பிறகே செருகுங்கள்.

கேஸ் லைனில் ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் கேள்வியே கேட்காமல் மாற்றுங்கள். செம்புக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே அதற்கான அலாரம் தரையோரம் இருக்க வேண்டும். புகை வெளியே போகக் குழாய் இல்லாத பழைய ஹீட்டரை அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள், எரிக்காதீர்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு இரவுகூட உள்ளே தூங்க வேண்டாம்.

இழுத்துச் செல்லும்போது

டயரின் மேல்புறம் பளபளப்பாக இருக்கிறது என்று நம்புவதுதான் சாலையில் நடக்கும் முதல் தவறு. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போதே பேரிங்கைத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். மாட்டிய பிறகு முதல் 50 மைலில் ஒருமுறை நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

எடையைக் கண்ணால் அளக்க முடியாது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (காரின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் இணைப்பு) மேல் விழ வேண்டும். 2,500 பவுண்டு வண்டி என்றால் 250 முதல் 375 பவுண்டு. பின்பக்கம் கனத்துப்போய் இந்தப் பங்கு குறைந்தால், லாரி ஒன்று கடந்துபோகும் காற்றிலேயே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். புதுப்பிக்கும்போது பின்பக்கத்தில் புதுத் தண்ணீர்த் தொட்டி வைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. ஒரு கேலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல், 20 கேலன் தொட்டி நிரம்பினால் சுமார் 167 பவுண்டு. லாரிகள் நிற்கும் இடங்களில் எடை மேடை இருக்கிறது, சாமான் ஏற்றிய நிலையில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வால் ஆடினால் காரின் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள்; ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் காருக்குள் இருக்கும் அதன் கன்ட்ரோலரில் கையால் கொடுங்கள். அதற்கு டிரெய்லரில் பிரேக் வேலை செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கேம்ப் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். இழுத்துச் செல்லும் வண்டிக்கு இங்கே உச்ச வேகம் மணிக்கு 55 மைல். பழைய வண்டிக்கு அது தண்டனை அல்ல, அதன் இயல்பான நடை.

ஹிட்ச் பந்தின் அளவும், அதன்மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லர் கப்ளரின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலப் பந்து இரண்டு அங்குலக் கப்ளருக்குள் போகும், பூட்டியது போலவும் தெரியும். ஒரு குழியில் துள்ளியதும் கழன்றுவிடும்.

முதல் பயணமே தொலைதூரம் வேண்டாம். முதல் இரவை வீட்டு வாசலில் கழியுங்கள், அடுத்தது முப்பது மைலுக்குள். எங்கள் இரண்டாவது பயணத்தில் 395-ஆம் நெடுஞ்சாலையில் பிஷப் என்ற ஊரைத் தாண்டி ஷெர்வின் ஏற்றத்தில் ஏறினோம். மேலே ஏறுவதைவிடத் திரும்பி இறங்கும்போதுதான் வண்டியைப் பற்றி நிறையக் கற்றேன். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பிரேக் சூடேறி வாடை வந்தபிறகு குறைப்பதில் பயனில்லை.

முகாமில் இடம் பதியும்போது வண்டியின் வயதைச் சொல்லிவிடுங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை அனுமதிக்காத தனியார் முகாம்கள் உண்டு, படம் அனுப்பிக் கேட்டால் பெரும்பாலும் இளகுவார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுநீர் நேராகத் தரையில் விழும்படி செய்த காலத்து வண்டி இது. இப்போது பெரும்பாலான முகாம்களில் அப்படி விட அனுமதி இல்லை, கீழே வைக்க ஒரு மூடிய வாளியோ சக்கரத் தொட்டியோ எடுத்துப்போங்கள்.

மழையில் நனைந்து திரும்பினால் அன்றே மூடிப் போர்த்தி வைக்காதீர்கள். மெத்தைகளை வெளியே எடுங்கள், எல்லா ஜன்னலையும் அலமாரிக் கதவையும் திறந்து வையுங்கள், ஒவ்வொரு ஜன்னலின் கீழ் மூலையையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எங்காவது சில்லென்று இருந்தால் அங்கே ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டு, வெயில் வந்ததும் அந்தப் பட்டையைக் கழற்றுங்கள்.