அடைமழைக்கு முன்னாடி மாடியையும் ஓட்டுக் கூரையையும் தயார் பண்றப்ப நாம பண்ற தப்புகள்

நம்ம தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் குளிர்காலம்னாலே அடைமழைதான். ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சிதுன்னா சில சமயம் நாலஞ்சு நாள் விடாது, நடுவுல வெயிலே தலைகாட்டாது, அப்ப போய் சிமெண்ட் பூசினா காயாது, பெயிண்ட் அடிச்சா ஒட்டாது, கொத்தனாரும் வரமாட்டாரு. அதனால "தீபாவளிக்கு வெள்ளையடிக்கிறப்ப சேத்து பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடுறதுதான் முதல் தப்பு. ஆவணி கடைசிலயே ஆரம்பிச்சிடுங்க. புரட்டாசில சம்பா நடவு சூடு புடிச்சிட்டா ஆள் கெடைக்கிறது கஷ்டம்.

அடுத்தது, எல்லாரும் ஒழுகுற ஓட்டையத்தான் தேடுறாங்க, தண்ணி வெளிய போற வழிய யாரும் பாக்குறதில்ல. என்னைக் கேட்டா பாதி ஒழுகலுக்கு காரணமே இதுதான். 1000 சதுர அடி மாடில 10 செ.மீ. மழை பெஞ்சா சுமார் 9,300 லிட்டர் தண்ணி விழுது. 2008ல நிஷா புயல் வந்தப்ப ஒரத்தநாட்டுல ஒரே நாள்ல 66 செ.மீ. கொட்டுச்சு, கணக்கு போட்டுக்கங்க. அம்புட்டும் ஒரு மூணு இன்ச் பைப்ல எறங்கணும், அந்த வாயில வேப்ப இலையும் புங்க இலையும் அடைச்சிருந்தா தண்ணி மாடிலயே நிக்கும், நின்ன தண்ணி எப்படியாவது ஒரு கீறல கண்டுபுடிச்சு உள்ள எறங்கும். முடிஞ்சா நாலு இன்ச் பைப்பா மாத்துங்க, ஒரு பைப்புக்கு ரெண்டா வைங்க.

இன்னொண்ணு நம்ம ஊருக்கே உள்ளது. குறுவை அறுத்துட்டு ஈர நெல்ல மாடில காயப்போடுவோம், அள்ளும்போது பதரும் வைக்கோல் துணுக்கும் தண்ணி வழில போய் தங்கி, ரெண்டு மழைல ஊறி, பைப்புக்குள்ள நெல்லு மொளைச்சே கெடக்கும். கூட்டினா மட்டும் போதாது, மேலேருந்து ஒரு குடம் தண்ணி ஊத்தி கீழ அதே வேகத்துல வருதான்னு பாருங்க. சில பேர் குப்பை போகக்கூடாதுன்னு கொசுவலைய மடிச்சு வாயில கட்டிடுறாங்க, அது நாலு இலை விழுந்தாலே மூடிக்கும். மேல குவிஞ்ச மாதிரி இருக்குற பிளாஸ்டிக் ஜாலி ஹார்டுவேர் கடையில கெடைக்கும், அத போடுங்க.

கீறலுக்கு சிமெண்ட் பால் ஊத்துறதும் வேலைக்கு ஆகாது. வெயில்ல தளம் விரியும், ராத்திரி சுருங்கும், மேலாக்க ஊத்துனது மறுபடி விட்டுடும். கீறல கொஞ்சம் வெட்டி அகலமாக்கி, தூசி தட்டி, கிராக் ஃபில்லர் வச்சு அடைக்கணும். கைப்பிடி சுவரும் தளமும் சேர்ற மூலைய மறக்காதீங்க, ஒழுகல் அதிகம் வர்றது அங்கதான். அரசங்கன்னு மொளைச்சிருந்தா மேலாக்க ஒடிச்சு போடாதீங்க, வேர் உள்ளயே இருந்து சுவர பொளந்துடும், வேரோட எடுத்துட்டு பூசுங்க. வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட்ட பாசி மேலயே அடிக்கிறது காச தண்ணில போடுறது. நல்லா தேய்ச்சு கழுவி, ரெண்டு நாள் வெயில்ல காயவிட்டு, அப்புறம் ரெண்டு கோட்டு.

ஓட்டு வீடுன்னா உடைஞ்ச ஓட்ட மாத்தப் போறேன்னு மேல ஏறி நடந்து நாலு ஓட்ட உடைச்சிட்டு வர்றதுதான் அதிகம் நடக்குது. ஓடு மேல நேரா காலை வைக்காம ஒரு பலகைய குறுக்க போட்டு, கீழ ஓடுகளத் தாங்குற கைமரம் போற எடமா பாத்து வைங்க. ரெண்டு சரிவு சேர்ற கூடல்வாய்த் தகரம் துருப்புடிச்சிருந்தா ஒட்டு போடாதீங்க, மாத்திடுங்க, நடுவுல முற்றம் வச்ச வீட்டுல நாலு மூலைத் தண்ணியும் அதுலதான் ஓடுது. வாரில, அதாவது கூரையோட கீழ் ஓரத்துல, கட்டியிருக்குற தகரக் கால்வாய் நடுவுல தொங்கிப்போயிருக்கான்னு பாத்து, பைப் இருக்குற பக்கமா லேசா வாட்டம் குடுத்து கம்பிய இறுக்குங்க.

ஷீட் கூரைன்னா போல்ட்ட ஷீட்டோட வளைவு மேட்டுல போடணும், பள்ளத்துல போட்டா தண்ணி ஓடுற வழிலயே ஓட்டை போட்ட மாதிரி. வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்புக் காத்துல போல்ட் சீக்கிரம் துருப்புடிச்சிடும், வருஷா வருஷம் பாருங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எத்தனை வீட்டு ஷீட் பறந்துச்சுன்னு இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு சொல்லவே வேணாம்.

பைப் தண்ணி அஸ்திவாரத்து ஓரமா விழுந்தா அதுவும் தப்பு, களிமண்ணு ஊறி தரை ஓதமெடுக்கும், கொல்லைப் பக்கமோ மழைநீர் தொட்டிக்கோ திருப்பி விடுங்க. ஏணி சாத்துறப்ப கரண்ட் கம்பிய பாத்து சாத்துங்க, அலுமினிய ஏணின்னா ரொம்பவே ஜாக்கிரதை.

மொத பெருமழை விழுந்ததும் உள்ள சீலிங்க ஒரு சுத்து பாத்து, ஓதம் தெரியிற எடத்துல பென்சில்ல கோடு போட்டு வைங்க. மாடித் தளத்துல தட்டோடு (தட்டையான ஓடு) பதிக்கிற மாதிரி பெரிய வேலையெல்லாம் தை பொறந்தப்புறம்தான் பண்ண முடியும், அப்ப எங்க ஒழுகுச்சுன்னு கொத்தனாருக்கு அந்தக் கோடுதான் காட்டும்.